ராபின் தூங்கிய விதம்

சென்னை
12 ஜூன் 2024

செல்வி,

போனில் கூப்பிட வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதாக மைக்கேல்சாமி மச்சான் சொன்னார். "கடுதாசி போடுங்க மாப்ளே, என் தங்கச்சி படிப்பா. பதில் போடுவாளான்னு எனக்குத் தெரியாது" என்றார். ஆவூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராகச் சேர்ந்திருக்கிறாய் என்றும் சொன்னார். நல்லது.

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வு நிலையத்தில் பெரியவர்களின் தூக்கத்தைப் பற்றிய வேலைதான் இதுவரை நடந்தது, உனக்குத் தெரியும். இப்போது குழந்தைகளை எடுத்திருக்கிறோம். நான் கேட்டு வாங்கிய வேலை. புதுக்கோட்டையையும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து, ஆஸ்பத்திரிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், அங்கன்வாடிகள் எல்லாவற்றிலும் உள்ள குழந்தைகளின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஒன்றாக இணைக்கிறோம். ஏன் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ராபினை அடிக்கடி சளி என்று ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஆறு வயதாகியும் படுக்கையை நனைக்கிறான் என்று இன்னொருவரிடம். எடை ஏறவில்லை என்று அங்கன்வாடியில் எழுதி வைத்திருந்தார்கள். வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார்கள். நான்கும் நான்கு இடத்தில் கிடந்தன. சேர்த்துப் பார்த்திருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற பிள்ளை என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

இறந்துபோன குழந்தையின் பதிவைச் சேர்க்க வேண்டுமானால் அம்மா அப்பா இருவரும் சம்மதிக்க வேண்டும் என்பது எங்கள் எத்திக்ஸ் கமிட்டியின் விதி. அவன் பெயரை எடுத்துவிட்டு ஒரு எண் கொடுப்பார்கள். இதோடு வைத்திருக்கும் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் இடம் காலியாக இருக்கிறது.

ரத்தசோகை மாத்திரையை விட்டுவிடாதே.

பிராங்க்ளின்


ஆவூர்
24 ஜூன் 2024

நீங்க அனுப்பின பேப்பரை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கேன். என் இடம் காலியாவே இருக்கட்டும்.

என் பிள்ளைக்கு நம்பர் போடப் போறாங்களா? அவனுக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு இருக்கு. கல்லறையில அதைத்தான் வெட்டி வச்சிருக்கு. இங்கிட்டு நான் வாராவாரம் போயி அந்தப் பேரைத் துடைக்கிறேன். அங்கிட்டு நீங்க அதை எடுத்துட்டு நம்பர் போடுறதுக்கு என் கையெழுத்தைக் கேட்கிறீங்க.

ஊர்ல உள்ளவங்க தூங்குறதையெல்லாம் அளந்து படம் போட்டுப் பார்க்கிறவர் நீங்க. புதுக்கோட்டை வீட்டுல உங்க பிள்ளை எப்படித் தூங்குனான்னு சொல்லுங்க பார்ப்போம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல வந்து இறங்குவீங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏறிப் போயிருவீங்க. அவன் கொறட்டை விட்டதைப் போன்ல பதிஞ்சு, "குட்டி லாரி வருது, ஒதுங்குங்க"ன்னு குடும்ப குரூப்ல போட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

நான் சொல்றேன் கேளுங்க. அவன் மல்லாக்கப் படுக்கவே மாட்டான். முழங்காலை மடக்கிக் குப்புறக் கவுந்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டுத் தூங்குவான். இல்லன்னா கட்டில் ஓரத்துக்கு வந்து கழுத்தைப் பின்னால தொங்கவிட்டுக் கிடப்பான். நேரா எடுத்துப் போட்டா மறுபடி அப்படியே போயிருவான். தலைகாணி வேர்வையில நனைஞ்சு போயிரும், மார்கழி மாசத்துலயும். சத்தம் போட்டுக்கிட்டே இருப்பான், திடீர்னு சத்தம் நின்னுரும். நான் முழிச்சுக்கிருவேன். அப்புறம் தூக்கிவாரிப் போட்ட மாதிரி ஒரு மூச்சு இழுப்பான். சரி, நடந்துருச்சுன்னு நானும் தூங்கிருவேன். இதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா?

அவன் போன அன்னைக்குக் காலையில நீங்க சென்னையிலருந்து வந்து ஆஸ்பத்திரி வராண்டாவுல நுழைஞ்சீங்க. என் அண்ணன் நிக்கிறாரு, மதினி நிக்கிறாங்க, நர்சுங்க நிக்கிறாங்க. அத்தனை பேர் முன்னாடி என்னைப் பார்த்து நீங்க சொன்ன முதல் வார்த்தை, "என்ன மருந்து குடுத்த?" என்னைத் தொடக்கூட இல்ல.

மாத்திரை சாப்பிடுறேன். அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்.

ஞானசெல்வி


சென்னை
9 ஜூலை 2024

செல்வி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். நீ எழுதிய எதற்கும் மறுப்பு இல்லை.

அந்தக் கேள்வியை டியூட்டி டாக்டர் வாசலில் என்னிடம் கேட்டார். ராத்திரி பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்தேன், உன்னைப் பார்த்தேன், வாயில் அதுதான் இருந்தது. டாக்டர் மேல் பழியைப் போடுவதற்காக இதை எழுதவில்லை. கேட்டது நான்தான். எனக்கு எது நடந்தாலும் முதலில் கேள்வி கேட்கத்தான் தெரிகிறது, செல்வி. உட்கார்ந்து அழத் தெரிந்தவனாக இருந்திருந்தால் நீ என்னைவிட்டுப் போயிருக்க மாட்டாய்.

இப்போதும் ஒன்று கேட்கப்போகிறேன். கோபப்பட்டால் இதோடு கிழித்துப் போட்டுவிடு.

அவன் தூங்கியதைப் பற்றி நீ எழுதியதை எங்கள் பதிவுகளில் தேடிப் பார்த்தேன். பல ஆயிரம் குழந்தைகள். சளி, டான்சில், காய்ச்சல் என்றுதான் இருக்கிறது. அபூர்வமாகக் 'குறட்டை' என்று ஒரு சொல். முழங்காலை மடக்கிக் குப்புறப் படுக்கிறான் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. கழுத்தைத் தொங்கவிடுகிறான், தலையணை நனைகிறது என்று இல்லை. அம்மாக்களுக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை. எழுதாததை எங்களால் சேர்த்துப் பார்க்க முடியாது.

இதை எங்கள் குழந்தை மருத்துவர் மீனம்மாளிடம் சொன்னேன். கிராம சுகாதார நர்சுகள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டில் இவற்றையே கேள்விகளாகப் போட்டுவிடலாம் என்கிறார். நீ எழுதிய சொற்களிலேயே போட்டால் அம்மாக்களுக்குப் புரியும் என்கிறார். உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு மனசு இல்லை.

கையெழுத்தைப் பற்றி இனி நான் பேசவில்லை.

பிராங்க்ளின்


ஆவூர்
20 ஆகஸ்ட் 2024

ராபின் அப்பாவுக்கு,

அந்த வார்த்தைகளை எடுத்துக்குங்க. எந்தப் பிள்ளைக்காவது உதவட்டும். ஆனா 'பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு'ன்னு இங்க பொம்பளைங்க நர்சுகிட்டச் சொல்ல வெட்கப்படுவாங்க. 'தவளை மாதிரி'ன்னு கேட்கச் சொல்லுங்க, உடனே பிடிச்சுக்குவாங்க.

இப்ப நான் ஒண்ணு கேட்கணும். ரெண்டு மாசமா எழுதுறதும் கிழிக்கிறதுமா இருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவனுக்குச் சளி நெஞ்சைக் கட்டியிருந்துச்சு. டாக்டர் எழுதிக் குடுத்த சிரப்பைக் குடுத்தேன். மூடியில கோடு வரைக்கும்தான் ஊத்துனேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துதான் குடுத்தேன். குடிச்சா நல்லாத் தூங்குவான்னு கடைக்காரரும் சொன்னாரு. நல்லாத்தான் தூங்குனான். வழக்கமா அந்தச் சத்தம் நின்னா நான் முழிச்சுக்கிருவேன், அன்னைக்கு நான் முழிக்கல. நாலு நாளா அவனோட முழிச்சிருந்த அசதி.

நீங்க வராண்டாவுல கேட்டதுக்கு ஏன் அவ்வளவு கோபம்னு இப்பப் புரியும். நீங்க கேட்கிறதுக்கு முந்தியே நான் என்னை அதைத்தான் கேட்டுக்கிட்டு நின்னேன்.

கோயிலுக்குப் போயிப் பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொன்னேன். சாமியார் பொறுமையாக் கேட்டுட்டு, "இது பாவமே இல்லம்மா, எழுந்து போ"ன்னாரு. பாவம் இல்லன்னா அதுக்கு மன்னிப்பும் கிடையாதே. நான் எங்க போறது?

நீங்க அத்தனை பிள்ளைங்க பதிவையும் சேர்த்து வச்சிருக்கீங்க. அந்த சிரப் குடிச்ச பிள்ளைங்களும் அதுல இருப்பாங்க. ராபினோடதையும் உள்ளுக்குள்ள போட்டா, அவன் போனது அந்த மருந்தாலயா இல்லையான்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுமா? சொல்லும்னா பேப்பரை அனுப்புங்க, கையெழுத்துப் போடுறேன். எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கிருவேன்.

செல்வி


சென்னை
18 செப்டம்பர் 2024

செல்வி,

சொல்லாது.

இந்த ஒரு சொல்லை எழுதத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது. சொல்லும் என்று எழுதி, உன்னிடம் கையெழுத்து வாங்கி, பிறகு ஒருநாள் 'மருந்தால் இல்லையாம்' என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீ நம்பியிருப்பாய். உனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

ஆனால் நான் செய்கிற வேலை அப்படிப்பட்டது இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால், மூச்சு அடைபடுகிற பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவைக்கிற சளி மருந்து எவ்வளவு ஆபத்து என்று ஓரளவு சொல்லலாம். அது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தனைக் காட்டி, இவனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. டாக்டர் மீனம்மாளிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். யாருடைய பிள்ளை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அந்த மருந்தைக் குடிக்காவிட்டாலும் பிள்ளை போயிருக்கலாம். குடித்தும் எழுந்திருக்கலாம். அந்த அம்மா டாக்டர் சொன்ன அளவைச் சரியாகக் கொடுத்திருக்கிறாள். இதற்குமேல் யாருக்கும் தெரியாது பிராங்க்ளின்" என்றார்.

நானும் இது தெரியாமல்தான் இருக்கப்போகிறேன், செல்வி. நீ மட்டும் இல்லை.

நர்சுகளுக்கான கேள்விகள் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்துக்கு முதலில் போகின்றன. 'தவளை மாதிரி' என்றே போட்டிருக்கிறோம்.

கல்லறைத் திருநாளுக்கு நான் வரலாமா? உன்னோடு பேசவேண்டும் என்றுகூட இல்லை. அவனிடம் வரவேண்டும். வேண்டாம் என்றால் மச்சானிடம் சொல்லிவிடு.

பிராங்க்ளின்


ஆவூர்
6 நவம்பர் 2024

ராபின் அப்பாவுக்கு,

நீங்க வந்துட்டுப் போனதுலருந்து எழுதணும்னு இருந்தேன். கல்லறையில உங்களோட ஒரு வார்த்தை பேசல, எனக்குத் தெரியும். பேச வரல. நீங்க ரொம்ப இளைச்சுப் போயிருக்கீங்க. மெழுகுவத்தி காத்துல அணைய அணைய, கைய வச்சு மறைச்சுக்கிட்டு மண்டி போட்டே இருந்தீங்க. கை சுட்டிருக்கும். ஒரு மாவடு ஜாடியை அண்ணன்கிட்டக் குடுத்து உங்க பையில வைக்கச் சொன்னேன். வச்சாரான்னு தெரியல.

நீங்க அந்தப் பேப்பரை அப்புறம் அனுப்பவே இல்ல. முந்தி அனுப்புனதோட ஜெராக்ஸ் அண்ணன்கிட்ட இருந்துச்சு. அதுல கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். ஜெராக்ஸ் செல்லாதுன்னா வேற அனுப்புங்க. சொல்லாதுன்னு எழுதுனீங்க பாருங்க, அதுக்காகத்தான் போட்டேன். பொய் சொல்லியிருந்தா என்னைக்காவது எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவன் பேரு இங்க கல்லுல இருக்கு. அங்க நம்பராவே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். என் வகுப்புல இலக்கியான்னு ஒரு பிள்ளை. மதியம் சாப்பிட்டதும் எல்லாப் பிள்ளைங்களையும் பாய்ல படுக்க வைப்போம். முதல் நாளு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அத்தனை பிள்ளைங்க தூங்குது, ஒரு சத்தம் இல்ல. வாயை மூடிக்கிட்டு, கைய விரிச்சுப் போட்டுக்கிட்டு சும்மாத் தூங்குதுங்க. பிள்ளைங்க இப்படித்தான் தூங்கும்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பிள்ளை.

இலக்கியா மட்டும் அப்படித் தூங்கல. ஓரத்துல கவுந்து, கழுத்தை ஒடிச்சுக்கிட்டு, அதே சத்தம். நான் எழுந்து போயி அவ பக்கத்துல உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கிட்டா அவன் பக்கத்துல இருக்கிற மாதிரியே இருந்துச்சு. போன்ல நீங்க பதிஞ்சது இருக்கு, அதை என்னால கேட்க முடியல. இது உயிரோட பக்கத்துல கேட்கிற சத்தம். அதுக்காகவே மதியம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். கல்லறையில உங்களைப் பார்த்துட்டு வந்த ராத்திரிதான், நான் என்ன காரியம் பண்ணிக்கிட்டு இருக்கேன்னு சுரீர்னு உறைச்சுச்சு.

மறுநாளே அவ அம்மாகிட்டப் பேசினேன். பிரகதீஸ்வரின்னு பேரு, விராலிமலைப் பக்கம் கம்பெனி வேலை, வேன்ல போயிட்டு வந்துரும். "கொறட்டை விட்டா அசந்து தூங்குதுன்னு அர்த்தம் டீச்சர். எம் பிள்ளையைப் போயி நோவாளின்னு சொல்றீங்களே"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு. இன்னைக்கு இலக்கியா ஸ்கூலுக்கு வரல.

நான் என்ன செய்யட்டும்? யார்கிட்டக் காட்டணும்? உடனே எழுதுங்க.

செல்வி


சென்னை
11 நவம்பர் 2024

செல்வி,

கையெழுத்து வந்தது. செல்லும். நம் பிள்ளையின் பதிவை வேறொருவர்தான் உள்ளே சேர்ப்பார். எந்த எண் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மாவடு பையில் இருந்தது.

இலக்கியாவின் அம்மாவைப் பயமுறுத்தாதே. நோய் என்ற சொல்லையே எடுக்காதே. பிள்ளை ராத்திரி எப்படிப் படுக்கிறது, தலையணை நனைகிறதா, நடுவில் சத்தம் நிற்கிறதா என்று மட்டும் கேள். பதில் சொல்லும்போதே அவருக்குத் தெரிய ஆரம்பிக்கும். அவர் சம்மதித்தால், பிள்ளை தூங்குவதை ஒரு நிமிஷம் போனில் படம் எடுக்கச் சொல். முகமும் நெஞ்சும் தெரிய வேண்டும். அதை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். உள்நாக்குப் பக்கம் சதை வளர்ந்திருந்தால் எடுத்துவிடுவார்கள். அதுவரைக்கும் தூக்கம் வரவைக்கிற சளி மருந்து எதையும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று சொல். இந்த வரியை அடித்து அடித்து எழுதினேன். உனக்கும் இதைப் படிப்பது லேசாக இருக்காது.

நீ அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான் அங்கே இருந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன்.

பிராங்க்ளின்


ஆவூர்
19 பிப்ரவரி 2025

ராபின் அப்பாவுக்கு,

இலக்கியாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. போன கடிதத்துல தேதி குறிச்சாச்சுன்னு மட்டும்தான் எழுதுனேன். எப்படி நடந்துச்சுன்னு இப்பச் சொல்றேன்.

நீங்க சொன்ன மாதிரி கேட்டுப் பார்த்தேன். பிரகதீஸ்வரி எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னுச்சு, கடைசியில "அதுக்கு ஆபரேஷன்வரைக்கும் போவாங்களா டீச்சர்"னு மறுபடி பின்வாங்கிருச்சு. எனக்கு வேற வழி தெரியல. ஒருநாள் சாயங்காலம் வேன்லருந்து இறங்குனதை நிப்பாட்டி, "ஒரு எட்டு வா"ன்னு கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனேன். "இது எம் மகன். ஒம் மக மாதிரியேதான் தூங்குனான்"னேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சது. அது கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச்சு. மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்து நின்னுச்சு.

பெரியாஸ்பத்திரியில டாக்டர், நாங்க போன்ல எடுத்துட்டுப் போன படத்தைப் பார்த்ததும் மறுபடி போட்டுப் பார்த்தாரு. "யாரும்மா இதை எடுக்கச் சொன்னது?"ன்னாரு. "ராபினோட அப்பா"ன்னு வாயில வந்துருச்சு. அவருக்கு ஒண்ணும் புரியல.

ஆபரேஷன் முடிஞ்சு வார்டுல நானும் மாத்தி மாத்தி இருந்தேன். ரெண்டாம் நாள் மதியம் பிரகதீஸ்வரி சாப்பிடப் போயிருந்துச்சு. பிள்ளை மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தா. பார்த்துக்கிட்டே இருக்கேன், சத்தமே இல்ல. மூக்குல கைய வச்சேன், மூச்சு வருதா இல்லையான்னே தெரியல. "சிஸ்டர், சிஸ்டர்"னு கத்திட்டேன். அந்தப் பொண்ணு ஓடி வந்து பார்த்துட்டுச் சிரிச்சுச்சு. "நல்லா மூச்சு விடுதும்மா. அசந்து தூங்குது. நீங்க எழுப்பிராதீங்க"ன்னுச்சு.

அப்புறம்தான் சரியாப் பார்த்தேன். வாய் மூடியிருக்கு. நெத்தியில வேர்வை இல்ல. நெஞ்சு லேசா ஏறுது, இறங்குது. ஒரு கஷ்டமும் இல்லாம. மூச்சு விடுறதுக்குன்னு ஒரு பாடும் படாம.

நம்ம பிள்ளை ஒருநாளாவது இப்படித் தூங்கியிருப்பானாங்க? பிறந்ததுலருந்து ஒவ்வொரு ராத்திரியும் அவன் போராடிக்கிட்டுக் கிடந்திருக்கான். நாம சிரிச்சோம். காலையில எழுந்து எதுவுமே நடக்காத மாதிரி என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, "அம்மா, பசிக்குது"ம்பான்.

வராண்டாவுக்கு வந்து செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். இத்தனை நாளும் அவன் செத்துப்போனதுக்காக அழுதேன். அன்னைக்கு அவன் இருந்தப்ப பட்ட பாட்டுக்காக அழுதேன். இதுக்குமேல அழ என்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது.

நேத்து இலக்கியா ஸ்கூலுக்கு வந்தா. மதியம் மத்தப் பிள்ளைங்களோட பிள்ளையாப் படுத்துத் தூங்குனா. வகுப்பே அமைதியா இருந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தச் சத்தமும் போயிருச்சு. இனிமே எங்கயும் கேட்காது. கேட்கக் கூடாதும்தான்.

இதை அண்ணன்கிட்டச் சொல்ல முடியல, சாமியார்கிட்டச் சொல்ல முடியல. அவன் தூங்குனதைப் பக்கத்துல இருந்து கேட்ட ஆளு இந்த உலகத்துல நாம ரெண்டு பேருதான்.

உங்களோட வந்து இருப்பேனா மாட்டேனான்னு இப்பக் கேட்காதீங்க. எனக்கே தெரியாது. அடுத்த வாரம் சனிக்கிழமை வாங்க. சாயங்காலமே கிளம்பணும்னு பஸ் டிக்கெட் போட்டுட்டு வராதீங்க. தங்குற மாதிரி வாங்க.

செல்வி